நத்தார் வாரத்து இருள்: ரெக்ஸ்டேல் மறவாத உறைமழை

மார்கழியின் கடைசிக் கிழமை எம்மவர் இல்லங்களில் ஓய்வொழிச்சலற்ற கிழமை. தொழிற்சாலை விடுமுறைக்கு முன்பாகக் கிடைக்கும் மேலதிக நேர வேலையை விட மனம் வருவதில்லை. பாடசாலை மூடப்பட்டதால் பிள்ளைகள் வீட்டில் நிற்பர். இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வரும் உறவினரைப் பியர்சன் விமான நிலையத்துக்குச் சென்று அழைத்து வரவேண்டும். கிறிஸ்தவ இல்லங்களில் ரவையும் கஜுவும் சேரும் நத்தார் கேக்குக்குப் பழவகைகள் முன்னதாகவே ஊறத் தொடங்கியிருக்கும். ஒளிவிழா ஒத்திகை ஒருபுறம், எந்த இரவில் எந்தக் கட்டடத்துக்குக் கரோல் குழு வரும் என்ற விசாரணை மறுபுறம். சைவ இல்லங்களிலும் இந்நாட்களில் அடுப்பு ஆறுவதில்லை. அயல்வீட்டார் கேக் வைத்துத் தந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்ததில்லை. இங்கும் அது வந்துவிடவில்லை.

இத்தனைக்கும் நடுவே வானம் என்ன செய்யப் போகின்றதென்பதை எவரும் பெரிதாகக் கேட்பதில்லை. பனி கொட்டினால் வழித்துத் தள்ளலாம், பஸ் பிந்தினால் காத்து நிற்கலாம் என்ற அளவில் இந்நாட்டுக் குளிர்காலத்துடன் நாம் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டோம். அந்த உடன்பாடு 2013 ஆம் ஆண்டு மார்கழி 21 ஆம் திகதி சனிக்கிழமை இரவு முறிந்தது.

அன்று பெய்தது பனியன்று, மழை. நிலத்துக்கு மேலே உயரத்தில் சூடான காற்றுப்படை ஒன்றும், அதன் கீழே நிலத்தையொட்டி உறைநிலைக்குக் குறைந்த குளிர்காற்றும் அமைந்துவிட்டால், மேலிருந்து வரும் நீர்த்துளி நீராகவே கீழே இறங்கி, தான் தொட்ட பொருளின்மீது அக்கணமே உறைந்துவிடும். மரக்கிளை, மின்கம்பி, படிக்கட்டு, மோட்டார் வண்டிக் கதவு எதையும் அது விட்டுவைப்பதில்லை. அவ்விரவு விடிவதற்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி கிளைகளைப் போர்த்தியிருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாத கிளைகள் வெடியோசையுடன் முறிந்து மின்கம்பிகளின்மீது விழுந்தன. அந்த ஓசையைக் கேட்டு நம்மவர்களிற் சிலர் படுக்கையைவிட்டுத் துள்ளியெழுந்த கதையைப் பின்னர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். அந்தச் சிரிப்பின் பொருளை நாம் அறிவோம்.

ஞாயிறு காலை ரொறன்ரோ நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. ஓர் இணைப்பு என்பது ஒரு குடும்பமாகவும் இருக்கலாம், பல குடும்பங்கள் வாழும் கட்டடமாகவும் இருக்கலாம். ஆகவே பாதிப்புற்றோர் தொகை பத்து இலட்சம் என மதிப்பிடப்பட்டது. ஷெப்பேர்ட் சுரங்க ரயில் நின்றது. தெருவில் ஓடும் ட்ராம்களும் நின்றன. சன்னிபுறூக் வைத்தியசாலை மின்பிறப்பாக்கியின் உதவியில் இயங்கியது. திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறான அன்று ஆலயத்துக்குப் புறப்பட்டவர்கள் வாசற்படியிலேயே வழுக்கி விழுந்தார்கள்.

ரொறன்ரோ பெரும்பனியை அறியாத நகரமன்று. 1944 மார்கழி 11 ஆம் திகதி ஒரே நாளில் 48 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. அந்தப் பெரும்பனியில் 21 பேர் உயிரிழந்தனர். 1999 தை மாதத்தில் அன்றைய நகரபிதா மெல் லாஸ்ற்மன் பனியகற்ற இராணுவத்தை அழைத்ததும் எம்மிற் பலருக்கு நினைவிருக்கும். கனேடிய இராணுவ வாகனம் தெருவில் வர, அதைப் பார்க்க யன்னலடிக்கு ஓடாமல் யன்னலை விட்டு விலகிய தாய்மார் அக்காலத்தில் இருந்தார்கள். ஆயினும் அவையெல்லாம் பனி. பனி வழியை அடைக்கும், வீட்டுக்குள் வருவதில்லை. உறைமழை மின்சாரத்தை அறுத்ததால் குளிர் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டது.

நகரின் வடமேற்கு மூலையில், ஹம்பர் ஆற்றுக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் அமைந்தது ரெக்ஸ்டேல். 1950களில் றெக்ஸ் ஹெஸ்லொப் என்பவர் வயல்வெளியை வாங்கி வீடுகள் கட்டியதால் அவரின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1998 வரை எற்றோபிக்கோ மாநகரின் பகுதியாக இருந்து, பின்னர் ரொறன்ரோவுடன் இணைந்தது. ஸ்காபரோவைப் போல மூலைக்கு மூலை தமிழ்க்கடை இங்கே இல்லை. அல்பியன் வீதியிலும் கிப்ளிங், இஸ்லிங்ரன் அவெனியூக்களிலும் நிற்கும் தொடர்மாடிகளில் சோமாலியர், பஞ்சாபியர், கயானா நாட்டவர், ஜமெய்க்கர் ஆகியோரிடையே நாமும் கலந்து வாழ்கின்றோம். விமான நிலையத்தை அண்டிய தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் நம்மை இங்கே இழுத்தன.

இத்தொடர்மாடிகளில் மின்சாரம் நின்றால் என்னென்ன நின்றுவிடும் என்பதை அந்தக் கிழமைக்கு முன்னர் எண்ணிப் பார்த்தவர் சிலரே. மின்தூக்கி நிற்கும் என்பது எவருக்கும் தெரியும். மேல்மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றுவதும் மின்சாரப் பம்பிதான் என்பது பலருக்குக் குழாயைத் திறந்த பின்னரே தெரிந்தது. சூடாக்கி எரிவாயுவில் எரிந்தாலும், அதன் சுடுநீரைச் சுற்றிவிடவோ சூட்டை வீட்டுக்குள் ஊதவோ மின்சாரம் வேண்டும். முழங்கால் வருத்தத்துடன் பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் முதியவருக்கு அந்த வீடு ஒரு தீவாகிவிட்டது. ஏழாலையிலும் பாசையூரிலும் கிணற்றடியும் முற்றமுமாக வாழ்ந்தவர்களைத் தரையிலிருந்து நூறு அடி உயரத்தில் வைத்திருக்கின்றோம் என்பதை அந்நாட்களில் பிள்ளைகளும் உணர்ந்தார்கள்.

அந்த ஞாயிறு மாலை கிப்ளிங் அவெனியூப் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் எட்டாம் மாடிக்கு இக்கட்டுரையாளர் தண்ணீர்ப் போத்தல்களுடன் ஏறிச் சென்றபோது, போர்வைக்குள் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர் வரவேற்ற விதம் இதுதான்:

"என்ன தம்பி, உந்த இருட்டுக்கே எல்லாரும் இப்பிடி அந்தரப்படுறியள்? தொண்ணூறாம் ஆண்டிலையிருந்து ஜாம் போத்தல் விளக்கோடை சீவிச்ச ஆக்கள் நாங்கள்."

"இருட்டுக்குப் பயமில்லை ஆச்சி. குளிருக்குத்தான்."

ஆச்சியின் கூற்றிற் பொய்யில்லை. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் அறுந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னாயிற்று, பற்றரி கிடையாப் பொருளாயிற்று. ஒரு சிறு கண்ணாடிப் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதிலே சில துளி மண்ணெண்ணெயை விட்டு, திரியேற்றிய விளக்கில் ஒரு தலைமுறை க.பொ.த. பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். நத்தார் இரவும் அப்படித்தான் கழிந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பின்னர் வந்த நத்தாரைத் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலிலும் பாடசாலை விறாந்தைகளிலும் கொண்டாடியவர்கள் இன்று ரெக்ஸ்டேலில் இருக்கின்றார்கள். ஆகவே 2013 இல் விளக்கணைந்தபோது நம்மவர் வீடுகளிற் பல, அயலவரைவிட அமைதியாகவே இருந்தன. இருளைக் கையாளும் பழக்கம் எம் கையில் இருந்தது.

ஆபத்து அந்தப் பழக்கத்தினுள்ளேதான் ஒளிந்திருந்தது.

அங்கே நாம் வாழ்ந்த வீட்டுக்கு ஓட்டு இடுக்கு இருந்தது, கூரைக்கும் சுவருக்கும் இடையில் வெளி இருந்தது, யன்னல் எந்நேரமும் திறந்து கிடந்தது. புகை தன்பாட்டிற் போய்விடும். கரி மூட்டினாலும், ஊதுவத்தியோ சாம்பிராணியோ இட்டாலும், மூன்று கல் அடுப்பில் நாள் முழுவதும் எரித்தாலும் அந்த வீடு மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது. கனடாவின் வீடோ காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டிய பெட்டி. சூட்டை வெளியே விடாத அதே சுவர் நச்சுக்காற்றையும் வெளியே விடாது.

"அப்ப அந்தக் கரியைக் கொண்டுவா மோனை. ஒரு சட்டியிலை மூட்டி நடுவீட்டிலை வைச்சா வெக்கை வரும்தானே," என்று ஆச்சி தம் பேரனிடம் சொல்ல, பேரனும் கோடைகாலத்து இறைச்சி வாட்டலுக்கென வாங்கி மிஞ்சியிருந்த கரிப்பையை எடுத்து வந்துவிட்டான். பதினேழு வயதுப் பிள்ளை. பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை. கரி சிவந்து வருகையில் கதவைத் தட்டியவர் எதிர்வீட்டுச் சோமாலியர். நடைபாதையில் கரி மணத்தை உணர்ந்தவர், ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே வந்து, அடுப்புத் துணியால் சட்டியைப் பிடித்துப் பல்கனிக்குக் கொண்டுபோய்ப் பனிக்கட்டியின்மீது கவிழ்த்தார். பின்னர்தான் மன்னிப்புக் கேட்டார். ஆச்சிக்குக் கோபம். அது அடங்கி அவருக்குத் தேநீர் கொடுக்கலாம் என்றால், தேநீர் வைக்க அடுப்பில்லை.

எரிவது கரியாயினும் எரிவாயுவாயினும் பெற்றோலாயினும், போதிய ஒட்சிசன் இன்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுடன் உட்சென்றால் குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலையிடி, பின்னர் தலைச்சுற்று, குமட்டல், சோர்வு. குளிரினால் வந்த களைப்பென்று எண்ணிப் படுப்பவர் எழுவதில்லை. பொன்னுத்துரைப் பரியாரியார் காலத்து வைத்தியம் எதுவும் இதற்கு உதவாது; வெளிக்காற்றும் வைத்தியசாலை ஒட்சிசனுமே உதவும்.

அந்தக் கிழமையில் ரொறன்ரோ தீயணைப்புப் படையினருக்கு இவ்வாயு தொடர்பாக வந்த அழைப்புகள் வழமையைவிடப் பன்மடங்காயின. கரியடுப்பை வீட்டினுள் மூட்டியவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நகருக்குக் கிழக்கேயுள்ள நியூகாசில் என்னும் ஊரில், வாகனக் கொட்டிலினுள் மின்பிறப்பாக்கியை இயக்கிய வீட்டில் இருவர் மாண்டார்கள். அவர்கள் அகதிகளல்லர், இந்நாட்டுக் குளிர்காலத்தை அறியாதவர்களுமல்லர். ஆகவே இதனை 'எங்கள் சனத்தின் அறியாமை' என்று பெருமூச்சு விடுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். ஆயினும் கரிச்சட்டியும் விறகும் கைப்பழக்கமாக உள்ள சமூகத்துக்கு இவ்வாபத்து ஓரடி அண்மையில் நிற்கின்றது என்பதை மறைப்பதற்கில்லை. எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் வருகின்றது, அதை வாசிக்கும் பிள்ளை வேலைக்குப் போயிருக்கின்றது, வீட்டில் இருப்பவர் ஆச்சி.

ஒன்ராறியோவில் இது குறித்த சட்டமும் ஒரு மார்கழித் துயரத்தில் பிறந்ததே. 2008 மார்கழியில் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் என்னும் குடும்பத்தினர், பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக நால்வர், புகைபோக்கி அடைபட்ட எரிவாயுக் கணப்பினால் உயிரிழந்தனர். அவர்களின் பெயரைத் தாங்கிய சட்டம் 2013 இறுதியில் நிறைவேறி, 2014 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் இயங்கும் சூடாக்கியோ கணப்போ வாகனக் கொட்டிலோ உள்ள வீடுகளில் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருக்கவேண்டுமென்பது அதன் சாரம். வாடகை வீட்டில் அதனைப் பொருத்திப் பேணும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது. ஆனால் எரிபொருட் கருவி எதுவும் இல்லாத மேல்மாடி வீட்டில் அக்கருவி இல்லாதிருக்கலாம். நடுவீட்டில் கரிமூட்டும் ஆச்சியை எந்தச் சட்டமும் எதிர்பார்த்திருக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் கடந்தன. வானம் தெளிந்தது, குளிர் கூடியது. நத்தார் முன்னிரவில் வெப்பநிலை மறை பத்துப் பாகைக்கும் கீழே இறங்கியது. குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்ததால் ஆட்டிறைச்சியும் மீனும் பல்கனிக்குப் போயின. பல்கனியே பெட்டியைவிட நன்றாகக் குளிர்ந்தது. நகரசபை சனசமூக நிலையங்களைக் குளிர்காயும் இடங்களாகத் திறந்துவிட்டது; செஞ்சிலுவைச் சங்கத்தினர் கட்டில்களும் போர்வைகளும் கொடுத்தனர். ஒட்டாவா, விண்ட்சர், மனிற்றோபா முதலிய இடங்களிலிருந்து மின்பணியாளர்கள் தம் நத்தாரை விட்டுவிட்டு வந்து கம்பி பொருத்தினார்கள். அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்துவதா இல்லையா என்ற விவாதம் மாநகர மண்டபத்தில் நடந்தது. ரெக்ஸ்டேல் பகுதியின் நகரசபை உறுப்பினராகப் பத்தாண்டுகள் இருந்து நகரபிதாவான றொப் ஃபோர்ட் அது வேண்டியதில்லை என்றார். அவரின் வீட்டிலும் மின்சாரம் இருக்கவில்லை.

நம்மிடையே நடந்தது வேறொன்று. மின்சாரம் உள்ள வீடு எது என்று தொலைபேசியில் விசாரித்து, அந்த வீட்டுக்கு மற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு அறை வீட்டில் பதினைந்து பேர். போர்வை, சோற்றுப்பானை, இன்சுலின் மருந்து, நத்தார் உடுப்பு எல்லாமே கைப்பையில். இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு மூட்டை கட்ட அரை மணித்தியாலம் போதும். ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள்தான் புதுமை. போர் ஓய்ந்தபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் திரும்பியிருந்த காலம் அது. "அங்கை கரண்ட் வந்திட்டுதோ?" என்று கொழும்புத்துறையிலிருந்து ஒரு தங்கச்சி ரெக்ஸ்டேலில் உள்ள அக்காவைக் கேட்டாள். இருபது வருடமாக அக்கா கேட்ட கேள்வி அது.

நத்தார் முன்னிரவுத் திருப்பலிக்கு மின்சாரம் இல்லாத ஆலயங்களிற் சில கதவைப் பூட்டின, சில மற்ற ஆலயங்களுடன் இணைந்தன, சில மெழுகுதிரியுடன் நடந்தன. எம் பகுதி ஆலயமொன்றில் மேலங்கியைக் கழற்றாமலே சனம் நின்றது. ஒலிபெருக்கி இல்லாததால் குருவானவர் படியிறங்கி நடுவில் வந்து நின்று பேசினார். விசைப்பலகைக்கு மின்சாரம் இல்லாததால் பாட்டு வெறுங்குரலில் எழுந்தது. ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஆவி எழுந்தது. பாலன் குடிலில் வழமையாக மினுங்கும் மின்விளக்குகளுக்குப் பதிலாக யாரோ ஒருவர் ஒரு போத்தலில் திரியேற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்தவர்கள் அழுததற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. சைவக் குடும்பங்கள் சிலவும் அங்கே இருந்தன. ஆலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் அடுப்பு எரிவாயுவில் எரிந்ததால் சுடுசோறு கிடைத்தது என்பதும் ஒரு காரணம். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

நத்தார் காலையிலும் நகரில் சுமார் 70,000 இணைப்புகள் இருளிலேயே கிடந்தன. மறுநாள் மார்கழி 26. 2004 இல் அந்த ஞாயிறு காலை கடல் எழுந்து முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் திருகோணமலையையும் வாரிச் சென்று ஒன்பது ஆண்டுகள் நிறைந்த நாள். ஆண்டுதோறும் அன்று மெழுகுதிரி ஏற்றும் குடும்பங்கள் அவ்வாண்டும் ஏற்றின. வீட்டில் வேறு வெளிச்சம் இருக்கவில்லை.

கடைசி வீடுகளுக்கு மின்சாரம் வர ஆண்டு முடிந்தது. பெட்டியில் பழுதாய்ப்போன உணவுக்கு ஈடாக, தனியாளுக்கு 50 டொலரும் குடும்பத்துக்கு 100 டொலரும் பெறுமதியான பலசரக்கு அட்டைகளை ஒன்ராறியோ அரசு சமூக உதவி அலுவலகங்களில் வழங்கியது. கடுங்குளிரில் நீண்ட வரிசை. அட்டை தீர்ந்து வெறுங்கையுடன் திரும்பியவர் பலர். சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு நின்றவர்கள் அந்த வரிசையை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். வேலைக்கு விடுப்பெடுக்க முடியாதவர்களுக்கு வரிசையும் இல்லை, அட்டையும் இல்லை என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. நிவாரணம் எங்கும் பகல் வேளையிலேயே வழங்கப்படுகின்றது. நம்மவர் உழைப்பதும் அதே வேளையில்தான். நகரத்தின் மரநிழற் பரப்பில் ஐந்திலொரு பங்கு அழிந்ததென்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஹம்பர் ஆற்றோரத்தில் முறிந்த கிளைகள் கோடை வரை கிடந்தன.

இவ்வாண்டு நத்தாருக்கு ஆயத்தமாகும் வாசகர்கள் கேக்குக்கு முட்டை வாங்கப் போகும்போதே சிலவற்றையும் சேர்த்து வாங்கிவைக்கலாம். மூன்று நாட்களுக்கு, அதாவது 72 மணித்தியாலத்துக்கு, வெளியுதவி இன்றித் தாக்குப்பிடிக்கும்படி ஒவ்வொரு வீடும் இருக்கவேண்டுமென்பது கனேடிய அரசின் அறிவுரை. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் குடிதண்ணீர், சமைக்காமல் உண்ணும் உணவு, பற்றரி விளக்கு, மருந்து, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டி. காபனோரொட்சைட்டுக் கருவியைப் பற்றரியில் இயங்குவதாகப் பார்த்து வாங்குவது நல்லது. அது கூவினால் யன்னலைத் திறந்துகொண்டு நிற்கவேண்டாம். எல்லோரும் வெளியேறி 911 ஐ அழையுங்கள். மெழுகுதிரியைத் திரைச்சீலைக்கும் பிள்ளைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் வண்டியை இயக்கிவிட்டு அதற்குள் குளிர்காய்வதும் கரிமூட்டுவதற்கு ஒப்பானதே.

முதியவர் தனித்திருக்கும் வீடாயின் கட்டடத்தின் சுப்பரிடம் இலக்கத்தையும் மாடியையும் இப்போதே சொல்லிவைக்கலாம், பெரும்பாலானோர் எழுதிக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காயும் இடம் எங்கே திறந்திருக்கின்றதென்று நகரசபையிடம் அறிய 311, ஏனைய உதவிகளுக்கு 211. தமிழில் பேசவேண்டுமென்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இணைக்கும்வரை தொலைபேசியை வைத்துவிட வேண்டாமென்று வீட்டிலுள்ள ஆச்சிமாருக்குச் சொல்லிவையுங்கள்.